கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்த பிறகு

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். குடும்பத்துடன் காரில் ஏற்காடு ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்பியிருக்கிறீர்கள். இறங்கி வந்த வேன் ஓட்டுநர் வண்டியை நிறுத்திக் கடிந்துகொண்டிருக்கிறார். அதே வாரம் சேலம் ஐந்து ரோடு சிக்னலில் நீங்கள் ஹாரன் அடித்ததற்காக இன்னொருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். எங்கே அடிக்க வேண்டும், எங்கே கூடாது, ஹாரன் உண்மையிலேயே விபத்தைத் தடுக்கிறதா, கடைக்காரர் சொல்வதுபோல் இன்னும் பலமான ஹாரன் மாட்டிக்கொள்ளலாமா என்றெல்லாம் கேட்கிறீர்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வண்டியைச் சமாளிக்க ஹாரனை எந்த அளவுக்கு நம்பலாம்?

நான் 24 ஆண்டுகள் பஸ் ஓட்டியவன். அதில் 11 ஆண்டுகள் சேலம் - ஏற்காடு தடம். கடைசி ஆறு ஆண்டுகள் புதிதாகச் சேர்ந்த ஓட்டுநர்களுக்கு மலைப்பாதைப் பயிற்சி கொடுத்தேன். மலையில் வண்டியை எப்படி நடத்துவது என்பதை என் அனுபவத்தில் இருந்தே சொல்ல முடியும். ஒலி, காது பற்றிச் சொல்பவை பயிற்சி வகுப்புக்காக நான் படித்துத் தெரிந்துகொண்டவை. எது எந்த வகை என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

பார்வை மறைந்த வளைவில் ஹாரன் அடிக்கத்தான் வேண்டும். இதில் சந்தேகமே இல்லை. அந்த வேன் ஓட்டுநர் சொன்ன விதம் எப்படியோ, சொன்ன விஷயம் சரி. நீல வட்டத்துக்குள் வெள்ளை நிறத்தில் ஹாரன் படம் போட்ட பலகையைப் பார்த்தால், அங்கே ஒலி எழுப்புவது கட்டாயம். சிவப்பு வட்டத்துக்குள் ஹாரன் படத்தின் குறுக்கே கோடு இழுத்திருந்தால் அடிக்கவே கூடாது. ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்கு இடையில் எண் போடாத சின்னச் சின்ன வளைவுகள் எத்தனையோ. பலகை இருக்கிறதா இல்லையா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் சாலை தெரியவில்லை என்றால் அடியுங்கள்.

ஆனால் ஹாரன் அடித்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று அதே வேகத்தில் திரும்புகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பயிற்சிக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வந்தார்கள். அவர்களுக்குக் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய 340 மீட்டர் போகும். வளைவுக்கு அப்பால் 50 மீட்டரில் ஒரு வண்டி வந்தால், நம் ஹாரன் அதை எட்ட ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்கு போதும். ஆக, ஒலியால் தாமதமில்லை. தாமதம் அந்த ஓட்டுநரிடம் இருக்கிறது. அவர் காதில் விழுந்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக வேண்டும். சாலை வடிவமைக்கும் பொறியாளர்கள் இதற்கு இரண்டரை விநாடி என்று கணக்கு வைக்கிறார்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அந்த நேரத்துக்குள் 21 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 9 அல்லது 10 மீட்டர். அவருக்கு 30, நமக்கு 30, மொத்தம் 60 மீட்டர் வேண்டும். இருப்பதோ 50. அதே இருவரும் 15 கிலோமீட்டரில் வந்தால் ஆளுக்கு 13 மீட்டருக்குள் நின்றுவிடலாம். வேகம் பாதியானபோது தேவைப்படும் தூரம் பாதிக்கும் கீழே போய்விட்டது. எவ்வளவு பலமாக ஹாரன் அடித்தாலும் இந்தக் கணக்கில் ஒரு மீட்டரைக்கூடக் குறைக்க முடியாது.

இன்னொரு விஷயம் கணக்கில் வராது. அதைச் சாலைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு கார்த்திகை மாதம், காலை முதல் நடை. மழை ஓய்ந்து மூடுபனி இறங்கியிருந்தது. பாதிக்கு மேல் ஏறி ஒரு வலது பக்க வளைவை நெருங்கும்போது வழக்கம்போல் நீளமாக ஒரு ஹாரன் அடித்தேன். பதில் இல்லை. திரும்பினேன். நேர் எதிரே மரம் ஏற்றிய லாரி. இருவரும் மெதுவாக வந்ததால் என் பஸ்ஸின் பக்கக் கண்ணாடியும் லாரியின் கதவு ஓரமும் உரசியதோடு போயிற்று, யாருக்கும் அடியில்லை. இறங்கிப் பேசினோம். "ஹாரன் அடித்தேனே, உங்களுக்குக் கேட்கவில்லையா?" என்று அவர் கேட்டார். நான் கேட்க நினைத்ததும் அதையேதான். இருவரும் ஒரே நேரத்தில் அடித்திருக்கிறோம். அவரவர் ஹாரனே அவரவர் காதை அடைத்துவிட்டது.

பிறகு படித்தபோது இதன் காரணம் விளங்கியது. ஒலியின் பலத்தை அளக்கும் அலகு டெசிபல். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. என் ஹாரன் என்னிடமிருந்து 2 மீட்டரில், அவருடையது 64 மீட்டரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2, 4, 8, 16, 32, 64 என்று ஐந்து முறை இரட்டிப்பாகிறது. 30 டெசிபல் வித்தியாசம். அவ்வளவு பலமான ஒலிக்கு அடியில் எதிர் ஹாரன் காதுக்குப் புலப்படவே புலப்படாது. எல்லா ஓட்டுநர்களும் வளைவுக்கு ஏறக்குறைய ஒரே தூரத்தில் கையை ஹாரனுக்குக் கொண்டுபோவதால் இது அபூர்வமும் அன்று. நீளமாக அழுத்திக்கொண்டே திரும்புகிறவர் எதிர் வண்டியை எச்சரிக்கிறார், அதே நேரத்தில் தன்னைச் செவிடாக்கிக்கொள்கிறார்.

அன்றிலிருந்து என் முறையை மாற்றிக்கொண்டேன். பயிற்சியிலும் இதையே சொல்லிக்கொடுத்தேன். வளைவுக்கு 30, 40 மீட்டர் முன்னாலேயே கியரைக் குறைத்துவிட வேண்டும். ஓட்டுநர் பக்கக் கண்ணாடி ஒரு சாண் அளவாவது இறங்கியிருக்க வேண்டும், பாட்டுச் சத்தம் நின்றிருக்க வேண்டும். ஒரு விநாடி அளவுக்கு ஒரே ஒரு ஹாரன். பிறகு கையை எடுத்துவிட்டு இரண்டு விநாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். பதில் வந்தால், அல்லது எஞ்சின் முனகல் கேட்டால், வளைவுக்குள் நுழையாமல் இடது ஓரம் ஒதுங்க வேண்டும். ஒன்றும் கேட்காவிட்டால் இன்னொரு சின்ன ஹாரன். அதன் பிறகும் எதிரே ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொண்டே திரும்ப வேண்டும். கேட்கவில்லை என்பதாலேயே யாரும் இல்லை என்று ஆகிவிடாது. ஹாரன் அடிப்பவர் நூறு பேர் என்றால், அடித்துவிட்டுக் கேட்பவர் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள் என்பது நான் கண்ணால் பார்த்ததில் இருந்து சொல்வது. உங்கள் காரில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடி ஏற்றியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வேன் ஓட்டுநர் ஹாரன் அடித்திருந்து உங்களுக்குக் கேட்காமல் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

கேட்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகள் அடுக்கடுக்காக இருக்கும் இடத்தில், உங்கள் தலைக்கு மேலே உள்ள சாலையில் போகும் வண்டியின் ஹாரன் பக்கத்திலேயே கேட்பதுபோல் இருக்கும். அது இந்த வளைவில் வருவதா, இரண்டு அடுக்கு மேலே வருவதா என்று காதை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். பாறைச் சுவரில் பட்டு எதிரொலித்து வரும்போது திசையும் ஏமாற்றும். பல ஆண்டுகள் ஓட்டிய பிறகும் நான் இதில் தவறியிருக்கிறேன். இந்த விஷயத்தில் இரவு ஓரளவு வசதியானது. எதிர் வண்டி வளைவை அடைவதற்கு முன்பே அதன் வெளிச்சம் மரங்களின் மேலும் பாறையின் மேலும் நகர்ந்து வரும். இரவில் ஹாரனைவிட முகப்பு விளக்கை இரண்டு முறை தாழ்த்தி ஏற்றிக் காட்டுவது தெளிவான பேச்சு. பகலில் வளைவுகளில் வைத்திருக்கும் குவியாடிகளைப் பாருங்கள். மழையிலும் பனியிலும் அவை மங்கிவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மலையில் கேட்கும் கனமான ஹாரனுக்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. பஸ்ஸோ நீளமான லாரியோ கொண்டை ஊசி வளைவில் தன் பாதியில் மட்டும் திரும்ப முடியாது. முன்பக்கம் அகலமாகப் போய்த்தான் திரும்பும், பின்சக்கரங்கள் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். சில விநாடிகள் முழுச் சாலையும் அதற்கு வேண்டும். ஆகவே அந்த ஒலி கேட்டால், இருபுறமும் இடம் இருக்கும் நேர்ச்சாலையிலேயே நின்றுவிடுங்கள். வளைவின் நடுவில் போய் நின்றால் இருவரும் மாட்டிக்கொள்வோம்; பின்னால் பத்து வண்டிகள் வந்து ஒட்டிக்கொள்ளும். மே மாதக் கோடை விழா நாட்களில் இப்படி அரை மணி நேரம் சாலை அடைபட்டதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இரண்டு வண்டிகளும் ஒரே நேரத்தில் போக இடமில்லாத மலைச்சாலையில், இறங்குகிறவர் ஓரமாக நின்று ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஏறும் வண்டி நின்றால் மீண்டும் எடுக்கும்போது பின்னால் உருளும் ஆபத்து இருக்கிறது. அதனால் வந்த நியாயம் இது. ஹாரன் அடித்து அதைத் தலைகீழாக்க முடியாது.

மூடுபனி ஹாரன் ஒலியை விழுங்கிவிடும் என்று எங்கள் ஓட்டுநர்கள் நம்புவார்கள். எனக்கு அது சந்தேகமாகவே இருக்கிறது. பனி நாளில் எல்லோரும் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார்கள், வைப்பர் ஓடுகிறது, கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்க ஊதுவிசிறி முழு வேகத்தில் சுழல்கிறது. கேட்காததற்கு இவையே போதுமான காரணங்கள். காரணம் எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான், பனியில் கண்ணாடியை இறக்குங்கள். குளிரும், பரவாயில்லை. ஹாரன் கேட்காதவர்களும் சாலையில் இருக்கிறார்கள். காதில் பாட்டு மாட்டிய இளைஞர், முழு ஹெல்மெட் அணிந்தவர், தலையில் விறகுச் சுமையோடு ஓரமாக நடக்கும் எஸ்டேட் தொழிலாளி, காது மந்தமான முதியவர், பிறவியிலேயே கேட்காதவர். இவர்கள் தவறு செய்தவர்கள் அல்லர். அவர்களையும் கணக்கில் வைத்து ஓட்டுவது நம் கடமை. சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் உண்டு. சாலையில் நின்றால் தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள். மிரண்ட விலங்கு எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. தள்ளி நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தி, அது போகும்வரை காத்திருங்கள்.

இனி ஐந்து ரோடு. அங்கே உங்களைக் கேட்டவர் பக்கமே நியாயம் இருக்கிறது. சிக்னலில் முன்னால் நிற்பவருக்கு நீங்கள் இருப்பது தெரியும், போகவும் வழியில்லை. புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாத இடத்தில் ஹாரன் எதைச் சொல்லும்? 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், தேவையில்லாமலோ தொடர்ச்சியாகவோ பாதுகாப்புக்குத் தேவையானதைவிட அதிகமாகவோ ஹாரன் அடிக்கக் கூடாது என்கின்றன. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவின்படி இதற்கு முதல் முறை 1,000 ரூபாய், மறுமுறை 2,000 ரூபாய் அபராதம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடங்களிலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிகளிலும், அவசரம் தவிர ஹாரன் கூடாது என்பது ஒலி மாசு விதிகளில் இருக்கிறது.

லாரிகளின் பின்னால் "ஒலி எழுப்பவும்" என்று எழுதியிருக்கிறதே என்று கேட்பீர்கள். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரியோடு பிறந்து வளர்ந்த மண் இது. அந்த எழுத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஒற்றைத் தடச் சாலை, காதைப் பிளக்கும் எஞ்சின், உயரமாக ஏற்றிய சரக்கு என்று இருந்த காலத்தில் பின்னால் வருபவர் முந்தப்போவதை ஓட்டுநருக்குச் சொல்ல வேறு வழி இல்லை. இன்று பக்கக் கண்ணாடி இருக்கிறது, இண்டிகேட்டர் இருக்கிறது, நான்கு வழிச் சாலையும் இருக்கிறது. முந்தும்போது ஒரு சின்ன ஹாரன் போதும். இருசக்கர வண்டிக்காரரின் முதுகுக்குப் பின்னால் பலமாக அடிப்பதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். திடீர் ஒலிக்கு உடம்பு தானாகத் துள்ளும்; கைப்பிடி அசையும்; புடவை கட்டிப் பின்னால் ஒருக்களித்து அமர்ந்திருப்பவரின் சமநிலை குலையும். அங்கே ஹாரனே விபத்துக்குக் காரணமாகிவிடுகிறது.

ஹாரன் விபத்தைத் தடுக்கிறதா என்ற கேள்விக்கு என் நேர்மையான பதில் இது. ஒரு குறிப்பிட்ட வளைவில், ஒரு குறிப்பிட்ட கணத்தில் தடுக்கிறது. அதை நானே பலமுறை அனுபவித்திருக்கிறேன். ஆனால் ஹாரன் அதிகம் ஒலிக்கும் சாலை பாதுகாப்பான சாலை என்று யாரும் சொல்ல முடியாது. மிசோரம் மாநிலத் தலைநகர் ஐஸ்வால் முழுக்க மலைமேல் இருக்கும் நகரம், குறுகலான வளைந்த சாலைகள். அங்கே ஹாரன் சத்தமே அரிது என்று பெயர் பெற்றது. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிசகாமல் போகின்றன, முட்டி மோதி முந்துவதில்லை. ஹாரன் அடிக்காததால் ஒழுங்கு வந்ததா, ஒழுங்கு இருப்பதால் ஹாரன் தேவைப்படவில்லையா என்று கேட்டால், இரண்டாவதே சரி என்பது என் எண்ணம். நிரூபித்துக் காட்ட என்னிடம் புள்ளிவிவரம் இல்லை. ஓட்டிப் பழகியவனின் ஊகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்தப் பலமான ஹாரன். வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 119, பல சுருதிகளில் மாறி மாறி ஒலிக்கும் ஹாரனையும், கரடுமுரடாகவோ கூச்சலாகவோ மிரட்டும்படியோ ஒலிக்கும் கருவியையும் தடை செய்கிறது; ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். காற்றை அழுத்தி ஊதும் ஹாரன் மின்சாரத்தை மிக அதிகமாக இழுக்கும். காரின் பழைய வயரிலேயே ரிலே (அதிக மின்சாரத்தைத் தாங்கும் இடைச் சுவிட்சு) இல்லாமல் இணைத்தால் வயர் சூடேறும். பஸ், லாரிகளில் பிரேக்குக்கான காற்றுத் தொட்டியிலிருந்தே திருட்டுத்தனமாகக் குழாய் இழுத்து ஏர் ஹாரன் மாட்டுவார்கள். தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும் மலைப்பாதையில், அந்தக் காற்றை ஹாரனுக்குச் செலவழிப்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது. பஸ் நிலையத்தில் நாள் முழுவதும் நின்று பூ விற்பவரையும் போக்குவரத்துக் காவலரையும் நினைத்துப் பாருங்கள். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதுதான் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். அதற்கு மேல் கேட்டால் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், திரும்பி வராது.

மேலும், கூர்மையான ஒலி வளைவில் அவ்வளவாகப் பயன்படாது. தாழ்ந்த சுருதி தடையைச் சுற்றி வளைந்து போகும். கீச்சென்ற ஒலி அவ்வளவாக வளையாது, மரங்களுக்கிடையே சிதறித் தேய்ந்துவிடும். பெரும்பாலான கார்களில் தாழ்ந்த சுருதி ஒன்று, உயர்ந்த சுருதி ஒன்று என்று இரண்டு ஹாரன்கள் சேர்ந்து ஒலிக்கின்றன. மழைநீர் புகுந்தோ முனை துருப்பிடித்தோ ஒன்று நின்றுபோனால், உள்ளே இருப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. வெளியே ஒலி மெலிந்துவிடும். உங்கள் காரில் அப்படி ஆகியிருக்கவும் கூடும், அதனால்தான் கடைக்காரருக்கு அது பலவீனமாகக் கேட்டிருக்கும். அடுத்த முறை அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது, வீட்டில் ஒருவரை வண்டிக்கு முன்னால் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஒரு முறை அடியுங்கள். இரண்டு சுருதியும் சேர்ந்து கேட்கிறதா என்று அவர் சொல்லட்டும். ஒன்றுதான் கேட்டால் பழுதானதை மட்டும் மாற்றினால் போதும். கண்ணாடி சரியாக இறங்கி ஏறுகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிட்டு முதல் வளைவுக்குப் புறப்படுங்கள்.